ஜிபியு வாங்கப் போகிறோம்: பெட்டியில் எழுதியிருக்கும் ஆம்பியரை நம்பலாமா?

ஹேங்கர்_தம்பி, பெங்களூரு | திங்கள் இரவு 9.12

வணக்கம். ஜக்கூரில் ஒரு சின்ன பராமரிப்பு ஹேங்கரில் வேலை செய்கிறேன். தரையில் நிற்கும் விமானத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் ஜிபியு ஒன்று வாங்க வேண்டும். எங்களிடம் எப்போதும் நிற்பவை செஸ்னா 172 இரண்டு, 152 ஒன்று. அவ்வப்போது ஒரு பெல் 206 ஹெலிகாப்டர் வேலைக்கு வரும். இப்போது ஒரு செஸ்னா கேரவன் விமானத்தையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறார்கள். இவை இரண்டும் டர்பைன் எஞ்சின். இதுவரை இரண்டு லாரி பாட்டரியைத் தொடராக இணைத்து ஒரு தள்ளுவண்டியில் வைத்துச் சமாளித்தோம். 172-க்கு அது போதும். டர்பைனுக்கு அதை வைத்துக்கொண்டு நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலாளியின் மேஜையில் மூன்று கொட்டேஷன் இருக்கிறது. ஒன்று லெட்-ஆசிட் ட்ராலி, உச்சம் 1500 ஆம்பியர் என்கிறார்கள். இரண்டாவது கையில் தூக்கும் லித்தியம் பெட்டி, உச்சம் 2000 ஆம்பியர். மூன்றாவது இழுத்துப் போகும் டீசல் ஜிபியு, தொடர்ந்து 600, உச்சம் 1500. பெரிய எண் லித்தியத்தில்தான் இருக்கிறது, விலையும் டீசலைவிடக் குறைவு, அதையே வாங்கிவிடலாம் என்கிறார் அவர். எனக்கு மனது ஒப்பவில்லை. ஆனால் ஏன் என்று அவரிடம் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கும், ஹேங்கருக்குள் ஏவியானிக்ஸ் (ரேடியோ, வழிகாட்டும் கருவிகள்) வேலை பார்ப்பதற்கும் ஒரே யூனிட் போதுமா என்பதும் கேள்வி.

செம்புக்கம்பி, பீன்யா | திங்கள் இரவு 10.40

தம்பி, உங்கள் மனது ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. நான் விமானத்துறை இல்லை, மின் இயந்திரங்கள் என் தொழில், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் ஒரு டிசி மோட்டார். நிற்கும் டிசி மோட்டாருக்கு எதிர் மின்னழுத்தம் (சுற்றும்போது அதுவே உண்டாக்கும் வோல்ட்) கிடையாது. சுவிட்சைப் போட்ட கணத்தில் அதைத் தடுத்து நிறுத்த இருப்பது சுருளின் தடை, கேபிளின் தடை, பாட்டரியின் உள்தடை, அவ்வளவுதான். அதனால் முதல் நொடியின் ஒரு பங்கு நேரத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் எதிர் மின்னழுத்தம் உருவாகி மின்னோட்டம் மளமளவென்று இறங்கிவிடும். பெட்டியில் எழுதும் "உச்சம்" அந்தக் கணத்தைப் பற்றியது மட்டுமே. பல நேரம் அது முனைகளைக் குறுக்கே இணைத்தால் வரக்கூடிய எண். அப்போது அங்கே எத்தனை வோல்ட் மிச்சம் இருந்தது என்று யாரும் எழுதுவதில்லை.

கேபிளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீளம், போக வர 12 மீட்டர். 70 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் மீட்டருக்குச் சுமார் கால் மில்லி ஓம், மொத்தம் 3 மில்லி ஓம். 1000 ஆம்பியர் பாய்ந்தால் 3 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். காசு மிச்சம் பிடிக்க 35 சதுர மில்லிமீட்டர் போட்டால் 6 வோல்ட். 28-இல் தொடங்கினாலும் பிளக் முனையில் 22-தான் நிற்கும். இதில் யூனிட்டின் உள்தடையை நான் சேர்க்கவே இல்லை. உங்கள் லாரி பாட்டரி ஒவ்வொன்றுக்கும் உள்தடை 4 மில்லி ஓம் என்று வைத்தால் இன்னும் 8 வோல்ட் காணாமல் போகும். அத்தனை இழந்த பிறகு 1000 ஆம்பியர் பாயவே பாயாது என்பது வேறு விஷயம்.

வீட்டில் போர்வெல் மோட்டார் போட்டதும் லைட் மங்குமே, அதே கதைதான்.

ஆகவே மூன்று பேரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: 300, 600, 1000 ஆம்பியர் இழுக்கும்போது பிளக் முனையில் எத்தனை வோல்ட், எத்தனை நொடிக்கு? பதில் தராதவரின் கொட்டேஷனை ஒதுக்கி வைத்துவிடலாம்.

ரோட்டார்_மாமா, மாரத்தஹள்ளி | செவ்வாய் காலை 6.05

கம்பிக்காரர் சொன்னது சரி. அந்த வோல்ட் குறைந்தால் எஞ்சினுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன். சேட்டக், சீட்டா ஹெலிகாப்டர் இரண்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிறகு தனியார் பெல் 206-களைப் பார்த்துக்கொண்டேன்.

206-இல் நீ ஸ்டார்ட்டரை அழுத்தினால் என்1, அதாவது கம்ப்ரசர் சுற்றும் வேகம், ஏற வேண்டும். 12 முதல் 15 சதவீதம் வந்த பிறகுதான் த்ராட்டிலைத் திறந்து எரிபொருள் விடலாம். வெளியே வெப்பம் கூடக்கூட இந்த எண்ணும் கூடும். நம் ஊர் வெயிலுக்கு 15 என்றே மனதில் வைத்துக்கொள். வோல்ட் பலவீனமாக இருந்தால் என்1 பத்து, பதினொன்றில் தொங்கிக்கொண்டு நிற்கும். அவசரக்காரப் பைலட் அங்கேயே திறந்துவிடுவார். காற்று போதாது, எரிபொருள் மட்டும் போகிறது. டர்பைன் வெப்பத்தைக் காட்டும் டிஓடி முள் எழும். 810 டிகிரியிலிருந்து 927 வரை 10 நொடிதான் அனுமதி. அதைத் தாண்டினால் டர்பைனைத் திறந்து பார்க்கும் வேலை. அந்தச் செலவில் இரண்டு மூன்று ஜிபியு வாங்கலாம்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. எஞ்சின் பற்றிக்கொண்டதும் ஸ்டார்ட்டரின் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 58 சதவீதம் வரை அது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பம் எல்லை மீறப் போகிறது என்று தெரிந்தால் த்ராட்டிலை மூடிவிட்டு, ஸ்டார்ட்டரை விடாமல் பிடித்து, வெறும் காற்றை ஓட்டி உள்ளே குளிர்விக்க வேண்டும். ஜிபியு அந்த நேரத்தில் கைவிட்டால் உனக்கு அந்த வழியும் போச்சு. விமானத்தின் சொந்த பாட்டரி நல்லதாக இருந்தால் தப்பிக்கலாம். ஜிபியு போட்டு ஸ்டார்ட் செய்ய வந்ததே பாட்டரி நலிந்ததால் என்றால் என்ன செய்வாய்?

அதனால் நான் உச்ச எண்ணைப் பார்ப்பதே இல்லை. 25, 30 நொடி முழுக்க நின்று கொடுக்குமா, மூன்றாவது முயற்சியிலும் முதல் முயற்சி மாதிரியே கொடுக்குமா, இதைத்தான் பார்ப்பேன்.

கிங்ஏர்_இடதுஇருக்கை, எச்ஏஎல் விமான நிலையம் பக்கம் | செவ்வாய் மதியம் 1.30

ரோட்டார் மாமா சொன்ன அந்த "கைவிடுவது" எனக்கு நேர்ந்திருக்கிறது. ஊர் பெயர் வேண்டாம், ஒரு சின்ன விமானத்தளம். வாடகைக்குக் கொண்டுவந்த ஜிபியு. என்1 14-இல் எரிபொருளைத் திறக்கும் கண்டிஷன் லீவரைத் தள்ளினேன், ஐடிடி (டர்பைன் வெப்பம்) ஏறத் தொடங்கியது, இருபதைத் தாண்டும் முன் ஜிபியு ட்ரிப். சுமையைச் சோதிக்காமலே கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் பாட்டரி நல்ல நிலையில் இருந்ததால் லீவரைக் கீழே இழுத்து, பாட்டரியிலேயே சுற்றவிட்டுக் குளிர்வித்தோம். எல்லைக்குள் முடிந்தது.

நான் ஓட்டும் கிங்ஏர் பி200-இன் கையேடு கேட்பது இது: 28.0 முதல் 28.4 வோல்ட்டுக்குள் அமைத்திருக்க வேண்டும், தொடர்ந்து 300 ஆம்பியர், கண நேரத்துக்கு 1000 ஆம்பியர். இதோடு இன்னொரு கட்டளையும் உண்டு. விமானத்தின் பாட்டரி குறைந்தது 20 வோல்ட் காட்டாவிட்டால் ஜிபியுவைச் செருகவே கூடாது. வெளி மின்சாரத்தில் வரும் திடீர் ஏற்ற இறக்கங்களை விழுங்கிக்கொள்வது அந்த பாட்டரிதான். அது செத்திருந்தால் அந்த அடி நேராக மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் பஸ்ஸுக்கும் அதில் தொங்கும் கருவிகளுக்கும் போகும். அதனால் பாட்டரி சுவிட்ச் ஆன், ஏவியானிக்ஸ் மாஸ்டர் ஆஃப், ஜெனரேட்டர்கள் ஆஃப். அதற்குப் பிறகுதான் பிளக்.

ஹேங்கர்_தம்பி, கேரவனுக்கு மேல் எல்லையும் இருக்கிறது என்பதை முதலாளியிடம் சொல்லுங்கள். குறைந்தது 800 ஆம்பியர் கொடுக்க வேண்டும், 1700-க்கு மேல் போகக் கூடாது. மிகுதியாகப் பாய்ந்தால் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரின் தண்டில் வேண்டுமென்றே மெலிதாக விட்டிருக்கும் இடம் முறிந்துவிடும். எனவே 2000 உச்சம் என்பதற்காக ஒரு பெட்டியை வாங்குவது தலைகீழான காரணம். மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எலகங்கா_மாணவி | செவ்வாய் மாலை 5.48

ஏஎம்இ (விமானப் பராமரிப்பு எஞ்சினியர்) படிக்கிறேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன், நன்றி. இரண்டு சந்தேகம். அந்த மூன்று முனை பிளக்கில் மூன்றாவது முனை மட்டும் ஏன் சின்னது? அப்புறம், பெரிய விமானங்களுக்கு 400 ஹெர்ட்ஸ் என்று படித்தேன், அது இங்கே எங்கேயும் வேண்டாமா?

ரோட்டார்_மாமா | செவ்வாய் இரவு 8.20

நல்ல கேள்வி, அம்மா. வரிசையாக மூன்று. பெரியது நெகடிவ், அடுத்த பெரியது பாசிடிவ், கடைசியில் சின்னது, அதுவும் பாசிடிவ். சின்னது குட்டையும்கூட. செருகும்போது பெரிய முனைகள் இரண்டும் நன்றாகப் பதிந்த பிறகுதான் அது தொடும். அது தொட்டால்தான் விமானத்துக்குள் இருக்கும் காண்டாக்டர் என்கிற பெரிய மின் சுவிட்ச் மூடி மின்சாரத்தை உள்ளே விடும். பிடுங்கும்போது முதலில் விடுபடுவது அதுதான், காண்டாக்டர் திறந்துகொள்ளும். பெரிய முனைகள் பிரியும் நேரத்தில் அவற்றில் மின்னோட்டம் இருக்காது, தீப்பொறி வராது. அந்தக் குட்டை முனையை யாராவது கம்பி வைத்து நிரந்தரமாக இணைத்து வைத்திருந்தால் அந்தப் பிளக்கை வெட்டிப் போடு. அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.

400 ஹெர்ட்ஸ் ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரியானவற்றுக்கு. 115/200 வோல்ட், மூன்று ஃபேஸ், ஆறு முனை பிளக். அதிர்வெண் கூடினால் டிரான்ஸ்ஃபார்மரும் மோட்டாரும் சின்னதாக, எடை குறைவாகச் செய்யலாம் என்பதால் அப்படி வைத்தார்கள். தம்பியின் ஹேங்கருக்கு அது தேவையில்லை.

செல்_கட்டுபவன், எலக்ட்ரானிக் சிட்டி | செவ்வாய் இரவு 11.15

நான் மின்சார ஸ்கூட்டர் பாட்டரி பேக் கட்டுகிறேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் எட்டைத் தொடராக வைத்தால் 25.6 வோல்ட், ஒன்பது வைத்தால் 28.8. உள்தடை மிகக் குறைவு. கொட்டேஷனில் கேட்கும் விலையில் பாதிக்கு உங்களுக்கே ஒன்று கட்டித் தர முடியும். பேசலாமா?

செம்புக்கம்பி | புதன் காலை 7.30

செல் நல்ல செல்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. லெட்-ஆசிட்டைவிட வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்கும். என் கவலை உங்கள் பிஎம்எஸ், அதாவது செல்லைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று பற்றி. ஸ்கூட்டருக்குச் செய்த பிஎம்எஸ், மின்னோட்டம் எல்லை மீறினால் செல்லைக் காப்பாற்ற உடனே துண்டித்துவிடும். ஸ்கூட்டரில் அதுதான் சரி. கிங்ஏர் நண்பருக்கு நேர்ந்ததை மேலே படியுங்கள். டர்பைன் பற்றிக்கொண்ட நேரத்தில் துண்டித்தால், செல் பிழைக்கும், எஞ்சின் போகும்.

லித்தியம் பெட்டியை விற்பவரிடமும் இதையே கேட்க வேண்டும். எந்த மின்னோட்டத்தில், எந்தச் சூட்டில் துண்டிக்கும்? துண்டிக்கும் முன் எச்சரிக்கை உண்டா? மே மாத வெயிலில் தார்த்தரையில் ஒரு மணி நேரம் நின்ற பெட்டி மூன்றாவது ஸ்டார்ட்டைக் கொடுக்குமா? விமானத்துக்கென்றே செய்கிற நிறுவனங்கள் இதற்கெல்லாம் எழுத்தில் பதில் தரும்.

செல்_கட்டுபவன் | புதன் காலை 9.02

நீங்கள் சொல்வது நியாயம். துண்டிப்பதற்குப் பதில் எச்சரிக்கை மட்டும் தருகிற மாதிரி செய்யலாம், ஆனால் அதைச் சோதித்துச் சான்று வாங்கும் வசதி என்னிடம் இல்லை. டர்பைனுக்கு நான் கட்டித் தர மாட்டேன்.

பறக்கும்_ஞாயிறு, ஹெப்பால் | புதன் இரவு 8.55

172 ஓட்டும் எங்களுக்கு இவ்வளவு தேவையா? பாட்டரி இறங்கிப்போனால் ட்ராலியைச் செருகி ஸ்டார்ட் செய்து கிளம்பிவிடுவோம். 28 வோல்ட் ஆல்டர்னேட்டர் இருக்கிறது, பறக்கும்போது அதுவே ஏற்றிக்கொள்ளும்.

ரோட்டார்_மாமா | புதன் இரவு 9.40

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டரி ஏன் இறங்கியது என்று தெரியுமா? மாஸ்டர் சுவிட்சை மறந்து விட்டுவிட்டார்கள் என்றால் ஒன்று. ஆயுள் முடிந்துவிட்டது என்றால் வேறு. வெளியே இருந்து ஸ்டார்ட் செய்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

ஆல்டர்னேட்டர் போனால் மேலே உனக்கு மிச்சம் இருப்பது பாட்டரி மட்டும். ஜி1000 (திரையில் காட்டும் கருவித் தொகுதி) உள்ள 172-இல் 30 நிமிடத்துக்கென்று தனி ஸ்டாண்ட்பை பாட்டரி கொடுத்திருக்கிறார்கள். அது முதன்மை பாட்டரிக்கும் மேல் ஒரு துணை என்ற கணக்கில்தான். காலியான பாட்டரியோடு கிளம்பினால் அந்தக் கணக்கே பொய். போதாததற்கு, முற்றிலும் காலியான பாட்டரிக்குள் ஆல்டர்னேட்டர் அளவில்லாமல் மின்னோட்டத்தைத் தள்ளும், சூடாகும். இறங்கிய பாட்டரியைக் கழற்றி, ஷாப்பில் மெதுவாக ஏற்றி, கொள்ளளவைச் சோதித்துவிட்டுப் போடுவதுதான் வேலை. ஒரு நாள் பறக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது.

பறக்கும்_ஞாயிறு | புதன் இரவு 10.11

ஸ்டாண்ட்பை பாட்டரி பற்றி இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை, மாமா. கிளப்பில் எல்லோரும் செய்வதால் நானும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். இந்த வார இறுதியில் எஞ்சினியரிடம் கேட்டு, பாட்டரியின் கடைசிச் சோதனைத் தேதியைப் பார்க்கிறேன்.

கிங்ஏர்_இடதுஇருக்கை | வியாழன் காலை 8.15

இன்னொரு ஆபத்து. 172 என்றாலே 28 வோல்ட் என்று நினைத்துவிடாதீர்கள். 172-இல் 1978 மாடலிலிருந்துதான் 28. அதற்கு முந்தையவை 14. செஸ்னா 150, ராபின்சன் ஆர்22 இவையும் 14. ஜக்கூரில் வெளியாட்களின் விமானம் எது வேண்டுமானாலும் வந்து நிற்கும். 28-ஐ அதில் செருகினால் ரேடியோக்கள் எல்லாம் போய்விடும். பிளக் பொருந்துகிறது என்பதற்காகச் செருக வேண்டாம், சாக்கெட் பக்கத்துப் பலகையையும் கையேட்டையும் பார்த்துவிட்டுச் செருகுங்கள். 14/28 மாற்றும் சுவிட்ச் உள்ள யூனிட் வாங்கினால் அந்தச் சுவிட்சுக்கு மூடியும் பூட்டும் கட்டாயம் வேண்டும்.

ஹேங்கர்_தம்பி | வியாழன் மாலை 7.00

எல்லோருக்கும் நன்றி. முதலாளி இந்த இழையை முழுக்கப் படித்தார். மூவருக்கும் மின்னஞ்சல் போட்டோம். லெட்-ஆசிட்காரர் பதில் தரவில்லை. லித்தியம்காரர் 300-க்கும் 600-க்கும் வோல்ட் தந்தார், துண்டிக்கும் எல்லையையும் தந்தார். 1000-க்குத் தரவில்லை. டீசல்காரர் முழு வரைபடமும் அனுப்பினார், கேபிள் இழப்பை ஈடுகட்ட பிளக் முனையிலிருந்தே வோல்ட்டை அளந்து சரிசெய்யும் வசதி இருக்கிறதாம். ஆனால் டீசல் ஹேங்கருக்குள் ஓட முடியாது, புகை. ஏவியானிக்ஸ் வேலைக்கு என்ன செய்வது?

செம்புக்கம்பி | வியாழன் இரவு 9.25

அதற்குத் தனி யூனிட் வாங்குங்கள். தேவையே வேறு. ஸ்டார்ட்டுக்கு சில நொடி வன்மை வேண்டும், வேலைக்கு மணிக்கணக்கில் சீரான 28 வோல்ட் வேண்டும், அலைவு இல்லாமல். நேவிகேஷன் டேட்டாபேஸை 28 நாளுக்கு ஒரு தடவை ஏற்றுகிறீர்கள். பாதியில் மின்சாரம் தடுமாறினால் கருவியே முடங்கலாம். சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் விமானத்தை ஜாக்கில் தூக்கி, அந்தச் சக்கரங்களை மேலும் கீழும் இயக்கிப் பார்க்கும்போதும் அதே. சுவர் மின்சாரத்தில் ஓடும் ஒழுங்குபடுத்திய டிசி சப்ளை, 28 வோல்ட், 50 முதல் 100 ஆம்பியர் போதும். கூடவே ஒரு சின்ன பாட்டரியை இணைத்தால், பவர் கட் ஆனாலும் வேலை நிற்காது.

லாரிக்கு வைக்கும் பூஸ்ட் சார்ஜரையோ பழைய வெல்டிங் ரெக்டிஃபையரையோ இதற்குப் பயன்படுத்துவதைப் பீன்யாவில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவற்றில் வோல்ட் எங்கே போய் நிற்கும் என்பதற்கு உறுதியே கிடையாது. தயவுசெய்து வேண்டாம்.

ஜூகு_கடற்காற்று, மும்பை | வெள்ளி காலை 6.50

ஜூகுவில் ஹெலிகாப்டர்களோடு இருக்கிறேன். யூனிட்டைப் பற்றி எல்லோரும் பேசினீர்கள், பிளக்கை யாரும் கவனிக்கவில்லை. இங்கே கடல் காற்றில் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பெங்களூரில் அது குறைவு. ஆனால் பிளக்கின் துளைகள் தளர்வது எல்லா ஊரிலும் உண்டு. தளர்ந்தால் தொடும் பரப்பு குறையும், சூடாகும், ரப்பர் இளகும். ஸ்டார்ட் முடிந்து பிளக்கைப் பிடுங்கியதும் கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் மாற்றும் நேரம். முன்பகுதியை மட்டும் கழற்றி மாற்றும் வகை பிளக் கிடைக்கிறது, கேபிளோடு வாங்கும்போதே அதைக் கேளுங்கள்.

ஆள் பாதுகாப்பும் முக்கியம். 206-இல் சாக்கெட் மூக்கில், கீழே இருக்கிறது. சுழலி சுற்றும்போது முன்பக்கத்திலிருந்து போய்ப் பிடுங்க வேண்டும். வேகம் முழுதாக ஏறாதபோது பிளேடு முன்னால் தாழ்ந்து வரும், காற்று அடித்தால் இன்னும் தாழும். பைலட்டின் கண்ணில் படும்படி நின்று, அவர் சைகை தந்த பிறகு, குனிந்து போய், அதே வழியில் திரும்ப வேண்டும். 172-இல் சாக்கெட் இடதுபக்கம், ப்ரொப்பெல்லருக்குச் சற்றுப் பின்னால். அங்கே இறக்கையின் பின்புறமாக வந்து, பின்புறமாகவே போக வேண்டும். கேபிளை முன்னால் இழுத்துக்கொண்டு ஓடுகிற பையன்களை நான் நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறேன். இந்த வேலைக்கு ஒருவரைத் தயார் செய்து, அவரை மட்டும் விடுங்கள்.

ஹேங்கர்_தம்பி | வெள்ளி இரவு 8.30

முடிவு எடுத்தாகிவிட்டது. ஸ்டார்ட்டுக்கு டீசல், 70 சதுர மில்லிமீட்டர் கேபிள், முன்பகுதி மாற்றும் பிளக். ஹேங்கருக்குள் 28 வோல்ட் 100 ஆம்பியர் சப்ளை தனியாக. லாரி பாட்டரி ட்ராலி விமானத்துக்கு இனி வராது. பணம் கொடுக்கும் முன் விற்பவர் ஜக்கூருக்கே வந்து சுமை ஏற்றிக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு என்னென்ன அளக்க வேண்டும்?

செம்புக்கம்பி | வெள்ளி இரவு 9.10

முதலில் விமானத்தில் செருக வேண்டாம், சுமைப் பெட்டியில் (விமானத்துக்குப் பதிலாக மின்னோட்டத்தை இழுக்கும் பெட்டி) போடச் சொல்லுங்கள். 300 ஆம்பியரில் ஐந்து நிமிடம், பிறகு 800-இல் 20 நொடி, ஓய்வு விட்டு மறுபடி, மொத்தம் மூன்று தடவை. வோல்ட்மீட்டர் பிளக் முனையில் இருக்கட்டும், யூனிட்டின் பேனலில் காட்டுவதை எடுக்க வேண்டாம். உச்சத்தைப் பிடிக்க சாதாரண மல்டிமீட்டர் போதாது, அது மெதுவானது. டிசி அளக்கும் க்ளாம்ப் மீட்டரில் இன்ரஷ் வசதி உள்ளது வேண்டும், முடிந்தால் ஒரு ஆசிலோஸ்கோப். சுமையைத் திடீரென எடுக்கும்போது வோல்ட் எவ்வளவு எகிறுகிறது என்பதையும் பாருங்கள், அதிக வோல்ட் வந்தால் தானே துண்டிக்கிறதா என்பதையும் காட்டச் சொல்லுங்கள். சனிக்கிழமை என்றால் கருவிகளோடு நானே வருகிறேன்.

ரோட்டார்_மாமா | வெள்ளி இரவு 9.32

சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன். சுமைப் பெட்டியில் தேறிய பிறகு 206-இல் செருகலாம். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எரிபொருள் இல்லாமல் வெறுமனே சுற்றவிட்டு என்1 எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்போம். ஸ்டார்ட்டருக்கு எத்தனை நொடி, எத்தனை நொடி ஓய்வு என்பதற்கு பாட்டரிக்கு ஒரு கணக்கும் வெளி மின்சாரத்துக்கு வேறு கணக்கும் கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தை எடுத்து வை, தம்பி.